வலம் வந்த கார்

குணாளன் பழையதாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார், கிரிவலப் பாதையில் திடீரென்று நின்றுவிட்டது. மெக்கானிக் கடை நூறடி பின்னால்தான் இருந்தது.

“கொஞ்சம் பின்னாடி தள்ளிவிடுங்க” என்றான், நடந்து வந்த பக்தர்களிடம்.

“கிரிவலத்துல பின்னாடி போகக் கூடாதுங்க. முன்னாடின்னா சொல்லுங்க, மலையைச் சுத்திக் கொண்டாந்து விட்டுடறோம்.”

பதினான்கு கிலோமீட்டர். வேறு வழியில்லை.

அவர்களில் காவி வேட்டிக்காரர் ஒருவர் மட்டும் பேசவேயில்லை. காருக்குள் கையை நீட்டினார்.

“சீட் அழுக்காயிடுங்க” என்று தடுத்தான் குணாளன்.

அவர் அவன் காலடியைக் காட்டினார். புரிந்துகொண்டு ஷூவைக் கழற்றினான். அவர் தலையில் அடித்துக்கொண்டு தள்ளப் போனார்.

வெறுங்காலோடு குணாளனும் தள்ளினான். எட்டு லிங்கத்திலும் நின்று, காருக்கும் திருநீறு பூசி, சாயங்காலம் திரும்பியபோது பாதமெல்லாம் கொப்புளம். கடையோ பூட்டியிருந்தது.

காவி வேட்டிக்காரர் மடியிலிருந்து சாவியை எடுத்துக் கடையைத் திறந்தார்.

“மௌன விரதம் முடிஞ்சுதுங்க. இந்தக் காரை எவனும் திருடிடக் கூடாதுன்னு, பழைய ஓனருக்கு இன்ஜினை நிறுத்தற சுவிட்சு ஒண்ணு கால்கிட்ட வச்சுக் குடுத்ததே நான்தான். கால் பட்டு ஆஃப் ஆயிருக்கு. காலையில அந்த சுவிட்சைத்தான் காட்டுனேன். நீங்க ஷூவைக் கழட்டுனீங்க.”