லாக்கியின் படகு மணி

“காத்து மேற்கால இருந்து அடிக்குது. கடலுக்குத் தானம் பண்ணாம அடிடா, லாக்கி!” என்றாள் ஃப்ளோரா.

அந்தக் கோல்ஃப் மைதானத்தின் பதினாறாவது குழி அப்படிப்பட்டது. அடிக்கிறவன் நிற்பது ஒரு பாறை உச்சி. கொடி இருப்பது எதிர்ப் பாறை உச்சி. நடுவில், கீழே வெகு ஆழத்தில், கடல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். இங்கிருந்து பார்த்தால் கொடியின் நுனி மட்டும்தான் தெரியும். குழியை ஒரு மணல்மேடு மறைத்துவிடும்.

கேப் பிரெட்டன் தீவின் கரையில் இந்த மைதானம் வந்த நாளிலிருந்து லாக்கிக்கு ஒரே ஆசைதான். இந்தக் குழியில் ஒரே அடியில் பந்தைப் போட வேண்டும்.

போட்டுவிட்டால் கிளப் பாரில் தொங்கும் மணியை அடிப்பார்கள். லாக்கி சிங்கிறால் பிடித்த காலத்துப் படகு மணி அது. அவனே கொண்டுவந்து மாட்டியது. ஊரில் யார் யாருக்கோ அடித்தாயிற்று. அவனுக்கு மட்டும் இன்னும் அடிக்கவில்லை.

மணி அடித்தால், போட்டவன் செலவில் எல்லோருக்கும் விஸ்கி. முதல் இரண்டு கிளாஸ் அவனுக்கும், அன்றைக்கு ஆட்டத்துக்குக் கணக்கு எழுதினவனுக்கும். நின்றபடி, ஒரே மூச்சில். அது இங்கே வழக்கம்.

“இவனுக்கு அந்த அடியைக் கடவுள் ஏன் குடுக்கலைன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் ஃப்ளோரா. “இவன் பர்ஸைத் திறக்கணும்னா சிங்கிறால் ஓடு உடைக்கிற இடுக்கி வேணும். யாரு அலையறதுன்னு விட்டுட்டார்.”

லாக்கியின் பழைய சிநேகிதன் ஹெக்டர் சிரித்துக்கொண்டே பென்சிலைக் காதில் செருகினான். இப்போதெல்லாம் கணக்கு எழுதுகிற வேலை அவனுக்குத்தான். “அவனை அடிக்க விடு, தாயே. பேசிப் பேசியே பந்தைத் தள்ளிவிட்டுடுவ போலிருக்கே.”

ஃப்ளோரா தபாலாபீஸில் இருந்தவள். அவள் காதில் காலையில் விழுந்த செய்தி மத்தியானத்துக்குள் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிடும்.

லாக்கி அடித்தான். பந்து கடலுக்கு மேலே போய், காற்றில் வளைந்து, மணல்மேட்டுக்குப் பின்னால் இறங்கியது.

“எங்க விழுந்துது?” என்றான் ஹெக்டர்.

“போய்ப் பார்த்தாத்தான் தெரியும்,” என்று லாக்கி கிளம்பிவிட்டான். அறுபத்தெட்டு வயது ஆள், பாறை விளிம்பைச் சுற்றிப் போகிற பாதையில் பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி ஓடினான். ஹெக்டருக்கு இடுப்பு வலி. மெதுவாக வந்தான்.

ஃப்ளோராவுக்குப் பொறுக்குமா? குறுக்கே மணல்மேட்டில் ஏறி எட்டிப் பார்த்தாள்.

லாக்கி குழிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே எடுத்தது, பந்து!

அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு முத்தம் கொடுத்தான். பிறகு, வீசிக் கடலில் எறிந்துவிட்டான்.

ஹெக்டர் வந்து சேர்ந்தான். “பந்து எங்கடா?”

“கடல்ல.”

“அடச்சே! நல்லாத்தானே போச்சு!” நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டு, சீட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

மீதி ஆட்டம் முழுக்க ஃப்ளோரா வாயைத் திறக்கவில்லை.

“உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று ஹெக்டரே பயந்து போய்க் கேட்டான்.

கிளப் வாசலில் அவன் பையை வண்டியில் வைக்கப் போனதும், லாக்கியின் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள்.

“எல்லாத்தையும் பார்த்தேன்டா! குழிக்குள்ள இருந்துதானே எடுத்த? இத்தனை வருஷம் ஏங்கினது கையில வந்து விழுந்துது. நாலு பேருக்கு விஸ்கி வாங்கித் தரணுமேன்னு தூக்கிக் கடல்ல போடுறியே, நீயெல்லாம் மனுஷனா? இரு. உள்ள போய் நானே அந்த மணியை அடிக்கிறேன்.”

“கத்தாத, ஃப்ளோரா. ஊருக்கே வாங்கித் தரேன், அது ஒரு பெரிய விஷயமில்ல. முதல் கிளாஸு யாருக்குப் போகும்?”

“உனக்கும், கணக்கு எழுதின...”

திரும்பி வண்டியைப் பார்த்தாள்.

வண்டிப் பக்கத்தில் ஹெக்டர் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். ஈஸ்டரிலிருந்து அந்த பிளாஸ்கில் டீதான். அதற்கு முன்னால் அதில் என்ன இருந்தது என்று ஊருக்கே தெரியும். மூடி பிடித்த கை கொஞ்சங்கூட நடுங்கவில்லை.

“மத்தவங்க குடுத்தா வேணாம்னுடுவான்,” என்றான் லாக்கி. “எனக்காகன்னா மறுக்க மாட்டான். ஒண்ணுதானேன்னு குடிச்சிடுவான்.”

மூன்று பேரும் உள்ளே போனார்கள். வறுத்த மீன் வாசனை, ஒரே கூட்டம்.

“என்ன லாக்கி!” என்று பாரிலிருந்து ஒருத்தன் கத்தினான். “மணியைத் துடைச்சு வைக்கட்டுமா?”

லாக்கி ஃப்ளோராவைப் பார்த்தான்.

அவள் நேராகப் போய் மணிக்குக் கீழே நின்றாள். கயிறு அவள் தோளில் இடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

“இவனுக்கா மணி?” என்றாள். “என் ரெண்டு கண்ணால பார்த்தேன். கொடிக்கு நாலு படகு நீளம் தள்ளி, நேரா கடல்ல! இந்த ஆயுசுல இவனால ஆகாது!”

பாரே அதிரும்படி சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் லாக்கிதான்.