கடற்பாசி மாத்திரை

தைராய்டு இருந்த கலைச்செல்விக்குக் கடற்பாசி மாத்திரை விற்றவன் சோளக்காடு ஊர்க் கடைக்காரன் சதீஷ்குமார். "ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திப்போடுங்க, இதொன்னு போதும்" என்றான். மூன்றே மாதத்தில் நெஞ்சுத்துடிப்பு தாறுமாறாகி அவள் போய்ச்சேர்ந்தாள்.

செத்தவர்கள் கடைசியாகத் தின்றதை அமாவாசைக்கு இலையில் படைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அக்கா பானுமதி சோற்றோடு அந்த மாத்திரையிலும் ஒன்று வைத்தாள். காக்காய் சோற்றை மட்டும் கொத்தியது. சாயங்காலம் பார்த்தால் மாத்திரையைக் காணோம். மூன்று அமாவாசையும் இப்படியே நடந்தது.

நான்காவது மாதம், ஆஸ்பத்திரிச் சீட்டும் கையுமாகச் சதீஷ்குமார் பஸ்ஸை விட்டு இறங்கிப் பானுமதி வீட்டு வாசலுக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"ஏனுங்க்கா, நெஞ்சு தப்பித் தப்பி அடிக்குதுங்க. கடற்பாசி தின்னியான்னு டாக்டர் கேக்கறாரு. நான் விக்கறதோட சரிங்க, ஒன்னுகூட வாயில போட்டதில்லீங்க. ஆனா அமாவாசையானா வாயெல்லாம் அந்த வாடை அடிக்குதுங்க."

"ஒடம்பப் பாத்துக்க, சாமி" என்றாள் பானுமதி.

அந்த அமாவாசைக்கு அவள் உலை வைக்கவில்லை. இலையை விரித்து, டப்பாவில் மிச்சமிருந்த நாற்பத்தேழு மாத்திரைகளையும் கொட்டினாள். தங்கையின் படத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"அத்தனையும் ஊட்டி உட்டுரு, கண்ணு."