மேஜர் கண்டுபிடித்த ஆள்

கண்ணாடி உடையும் சத்தம் கேட்டபோது சலூனில் மீசைக்காரருக்கு ஒரு கன்னம்தான் சிரைத்து முடிந்திருந்தது.

மீட்புப் படையில் அவருக்கு அந்தப் பெயர்தான். அவருடைய நாய்க்கு மேஜர் என்று பெயர். இடிந்து விழுந்த கட்டடத்துக்குள் யாராவது உயிரோடு மாட்டிக்கொண்டிருந்தால், மோப்பம் பிடித்துப் போய் அங்கேயே உட்கார்ந்து குரைப்பது மேஜரின் வேலை. பதவியில் மேஜர் அவரைவிட ஒரு படி மேல். இதை அவருடைய மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேருக்கும் பதக்கம். போட்டோ எடுப்பார்கள் என்பதற்காகத்தான் இந்தச் சவரம்.

"அஞ்சு நிமிஷம்தான்டா ராஜா, வந்துடறேன்" என்று மேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, மாற்றுச் சாவியால் வேனைப் பூட்டியிருந்தார். பெற்ற பிள்ளையை அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

காலையிலேயே டீசல் விளக்கு எரிந்ததும், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டதும், நாற்காலியிலிருந்து எழுந்து ஓடும்போதுதான் ஞாபகம் வந்தது.

வெளியே கூட்டம். வேன் சத்தமில்லாமல் நின்றது. பக்கத்துக் கண்ணாடி தூள் தூளாகக் கிடந்தது.

நடுவில் ஓர் அம்மாள். கையில் அப்போதுதான் கடையில் வாங்கிய பிரஷர் குக்கர், அடியில் பெரிய நசுங்கலோடு. அதை வைத்துத்தான் உடைத்திருக்கிறார். இப்போது அதே குக்கரில் தண்ணீர் ஊற்றி மேஜருக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் அதன் வயிற்றையும் பாதங்களையும் நனைத்தார். இன்னொருவர் குடை பிடித்தார். நாக்கு ஒரு முழம் தொங்க, மேஜர் மெதுவாக வாலை ஆட்டியது.

மீசைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"யாரோட நாய் இது?" என்றார் குக்கர் அம்மாள்.

"என்னோடதுங்க" என்றார் சோப்பு நுரையைத் துடைத்தபடி. "இல்ல, அரசாங்கத்தோடது. ஏசி போட்டுட்டுத்தான்மா போனேன். டீசல் தீர்ந்துடுச்சு. அஞ்சு நிமிஷம்தான்..."

"அஞ்சு நிமிஷம்னு சொல்றவங்க யாரும் கடிகாரத்தைப் பார்க்கிறதில்ல. பூட்டின வண்டி வெயில்ல அடுப்பு மாதிரி ஆயிடும், தெரியுமா? வாயில்லா ஜீவன், புழுங்குது, கதவைத் திறன்னு அதால சொல்ல முடியுமா?"

கூட்டம் ஆமாம் போட்டது. அந்த அம்மாள் நிறுத்தவில்லை. நம்பி ஏறின உயிரை உள்ளே வைத்துப் பூட்டுகிறவன் மனிதனே இல்லை என்றார். வேனில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து, மேலதிகாரிக்கே போன் போடத் தொடங்கினார்.

"வேண்டாம்மா. மேஜரை என்கிட்டேருந்து பிரிச்சிடுவாங்க."

"பிரிக்கட்டும். அப்பதான் புத்தி வரும்."

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் மீசைக்காரருக்கு வலித்தது.

அப்போது மேஜர் எழுந்தது. உடம்பை உதறி, குடை பிடித்தவர் உட்பட எல்லோரையும் குளிப்பாட்டியது. மூக்கைத் தூக்கியது. விறுவிறுவென்று தெருவைத் தாண்டிப் போய், 'வண்டி நிறுத்தாதீர்' பலகைக்கு நேர் கீழே நின்ற ஒரு காரின் பக்கத்தில் உட்கார்ந்து குரைக்க ஆரம்பித்தது. காரின் கண்ணாடிகளில் எல்லாம் கறுப்புத் திரை.

"பாவம், வெயில்ல மூளை கலங்கிடுச்சு" என்றார் ஒருவர்.

மீசைக்காரருக்கு மட்டும் மயிர் சிலிர்த்தது. "மேஜர் சும்மா உட்காராது. உள்ள ஆள் இருக்கு."

"இங்கேயுமா?" குக்கர் அம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்தார். "எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது? தள்ளுங்க, தள்ளுங்க. எனக்கு இப்ப பழக்கமாயிடுச்சு."

குக்கரில் மிச்சமிருந்த தண்ணீரைக்கூடக் கொட்டாமல் தலைக்கு மேலே ஓங்கிக்கொண்டு ஓடினார். பாதித் தண்ணீர் அவர் மேலேயே கொட்டியது.

காருக்கு அருகில் போனதும் ஓங்கிய கை அப்படியே நின்றது.

குக்கர் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இன்னொரு கை கைப்பைக்குள் போய் எதையோ துழாவியது. கார் 'கீக் கீக்' என்றது.

கதவு திறந்தது. குளித்துவிட்டுத் துவட்ட மறந்தவர் போல ஒருவர் கையில் மடித்த செய்தித்தாளோடு இறங்கினார்.

"என் வீட்டுக்காரர்" என்றார் குக்கர் அம்மாள், யாருக்கும் கேட்கக் கூடாத குரலில். "உள்ள ஆள் இருந்தா வண்டியைத் தூக்கிட்டுப் போக மாட்டாங்கன்னுதான்... சீட்டு வேற புதுசு, தூசி விழுமேன்னு கண்ணாடியை..."

கூட்டம் சத்தமில்லாமல் கலையத் தொடங்கியது. மீசைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. வேனைப் பார்த்தார், அடக்கிக்கொண்டார்.

"கதவைத் திறந்துட்டு வெளிய வந்திருக்கலாமே சார்?"

"திறந்தா அலாரம் அடிக்கும், அசையாம இருங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனா."

அந்த அம்மாள் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

வீட்டுக்காரர் மேஜரைப் பார்த்தார். அதன் நனைந்த வயிற்றைப் பார்த்தார், தெருவைத் தாண்டி அதன் பின்னாலேயே வந்துவிட்ட குடையைப் பார்த்தார். மனைவியின் கையிலிருந்த குக்கரை வாங்கி, மிச்சத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு மீசைக்காரரின் காதோரம் குனிந்தார்.

"தம்பி, உங்க படையில நாய் போஸ்ட் ஏதாவது காலியா இருக்கா?"