குங்குமம் நீட்டும் கை

அவள் அச்சுக்கட்டையைத் துணியிலிருந்து தூக்கியதும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஏளனச் சிரிப்பு அன்று. தமக்குப் பழகிய பிழையை இன்னொருவரிடம் கண்டவர்களின் சிரிப்பு.

மேசையில் விரித்த வெள்ளைத் துணியின் தொடக்கத்தில், ஈரம் காயாத சிவப்பில், ஒரு பெண் நேர்முகமாக நின்றிருந்தாள். கல்யாண வீட்டு வாசலில் வரவேற்பவள். வருவோர்க்குக் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டிருந்தாள்.

இடக்கையால்.

அச்சைப் பதித்தவள் கட்டையைச் சாயத்தட்டின் ஓரத்தில் வைத்தாள். அச்சுக்கட்டை வடிவமைப்பாளர் சங்கத்தில் சேர விரும்புபவர், தம் முதல் கட்டையின் முதல் அச்சைத் தாமே பதித்துக் காட்ட வேண்டும். பதித்துவிட்டாள். இனி மற்றவர்கள் முடிவு செய்ய வேண்டும்.

"வெக்கப்படாத அம்மணி," என்றார் நாச்சிமுத்து. ஈரோட்டுச் சந்தைக்குக் கல்யாணத் துணி அச்சடித்துக் கொடுப்பவர். சங்கத்தில் அதிகம் பேசுபவரும் அவரே. "தாளைப் புரட்டாம ஒட்டிட்டே, அவ்வளவுதான். நானெல்லாம் பிள்ளையாரையே திருப்பிப் போட்டவன். தும்பிக்கை அந்தப் பக்கம் போயிருச்சு. கடைக்காரன் வலம்புரின்னு சொல்லி அதைத்தான் மொதல்ல வித்தான்."

மறுபடியும் சிரிப்பு.

வரைந்த தாளைக் கவிழ்த்துத்தான் மரத்தில் ஒட்ட வேண்டும். கவிழ்க்காமல் செதுக்கினால் துணியில் வலம் இடமாகிவிடும். அந்த அறையில் ஒருமுறையேனும் அதை மறவாதவர் இல்லை.

தலைவர் பாவாயி அம்மாள் கனிவாகவே சொன்னார்.

"மறுபடி செதுக்கக் குடுத்துருங்க. அடுத்த கூட்டத்துல கண்ண மூடிட்டு ஏத்துக்கறோம்."

தலையசைத்தால் போதும்.

இதுவரை அவள் வரைந்தவை யாவும் வேறொருவர் பெயரில் துணியாயின. சங்கத்தில் இடம் கிடைத்தால் இந்த மேசை அவளுக்கும் உரியது. ஓரத்தில் அவள் பெயரையும் பதிக்கலாம்.

தலையசைக்கவே அவள் விரும்பினாள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தன் அக்காளின் கல்யாணத்தில் வாசலில் நின்றவள் அவள். அவளுக்கு எல்லாம் இடக்கைதான். மறந்துபோய் அந்தக் கையாலேயே சிமிழை நீட்டினாள். யாரோ மெல்ல அதை வாங்கிக்கொண்டார்கள். திட்டவில்லை.

சிரித்துக்கொண்டே வாங்கினார்கள்.

"புரட்டித்தாங்க ஒட்டினேன்," என்றாள்.

குரல் மேசையைத் தாண்டியதா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

தாண்டியிருந்தது.

நாச்சிமுத்து மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துணியின் மீது குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"முந்தானை எடது தோள்லதான் கெடக்குது."

தாள் மாறியிருந்தால் முந்தானையும் தோள் மாறியிருக்கும். அதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

"வேணும்னே போட்டதுங்களா?" என்றார் பாவாயி அம்மாள்.

அவள் தலையசைத்தாள்.

"அப்ப முறைப்படி ஆகட்டும்."

துணியின் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார்கள்.

உறுப்பினர் ஒவ்வொருவரும் கட்டையை வாங்கி, முந்தைய அச்சை ஒட்டித் தம் அச்சைப் பதிப்பார். ஏற்காதவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கட்டையை அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம். அடுத்தவர் இடைவெளி விடாமல் தொடர்வார். மறுத்தவர் யார் என்பது துணியில் இராது. வரிசை கோட்டைத் தொட்டால் புதியவருக்கு இடம் உண்டு. ஒருவர் மறுத்தாலும் தொட்டுவிடும். இருவர் மறுத்தால் தொடாது.

பாவாயி அம்மாள் முதலில் பதித்தார். கட்டையின் முதுகில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு குத்து. அந்த ஓசை மேசையில் அதிர்ந்தது.

அடுத்தவர் பதித்தார்.

மூன்றாமவர் கட்டையைத் தொட்டார். நகர்த்திவிட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவும் முறைதான்.

பிறகு ஓர் ஓசை. இன்னும் ஓர் ஓசை. சிவப்புப் பெண்கள் வரிசையாக இடக்கையை நீட்டிக்கொண்டு கோட்டை நோக்கிப் போனார்கள்.

கட்டை நாச்சிமுத்துவிடம் வந்தது. அவருக்குப் பின் கடைசி உறுப்பினரான தெய்வானை மட்டுமே நின்றாள்.

அவர் சாயத்தில் தோய்த்தார். துணிக்கு மேலே பிடித்தார். பிடித்தபடியே நின்றார்.

"இதக் கல்யாணத் துணின்னு எந்தக் கடையில கொண்டுபோயி விரிப்பேன் அம்மணி?"

கோபமில்லை. உண்மையாகவே கேட்டார்.



அவர் கட்டையைத் தட்டில் வைத்துத் தெய்வானையிடம் நகர்த்தினார்.

கோட்டுக்கு இன்னும் இரண்டு அச்சின் அகலம் இருந்தது. பதிக்க ஓர் ஆள்தான் மிச்சம். அவள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்தச் சொல்லை மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டாள்.

"தெய்வான," என்றார் நாச்சிமுத்து. "என் எடத்த விட்டுட்டு அடி."

தெய்வானை தலைவரைப் பார்த்தாள். அப்படி ஒரு வழக்கம் இல்லை.

பாவாயி அம்மாள் சன்னலுக்கு வெளியே காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து தம் உள்ளங்கையைத் துணியின்மேல் விரித்து வைத்தார். சரியாக ஓர் அச்சின் அகலம். அவர் விரல்களைத் தாண்டித் தெய்வானை கட்டையை இறக்கினாள். குத்தினாள்.

சிமிழ் ஏந்திய கை சுண்ணக்கோட்டின்மேல் விழுந்தது.

நாச்சிமுத்து கையை எடுத்தார். அதனடியில் துணி வெள்ளையாகவே இருந்தது.

அந்த வெள்ளையை நோக்கி, முந்தைய பெண் குங்குமத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.