எட்டு மணிக்கு அணைய வேண்டிய விளக்கு

அவள் புருஷன் சும்மா போய்ச் சேரவில்லை. கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும் உப்புத்தண்ணீர் மீன்தொட்டியை அவள் தலையில் கட்டிவிட்டுச் செத்துப்போயிருந்தார். உயிரோடிருந்தவரை வேலைவிட்டு வந்ததும் முழங்கைவரை அதற்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருப்பார். தொட்டி விளக்கை அணைப்பது மட்டும் என்றைக்கும் அவள் வேலை.

அவளுடைய தம்பி வந்து டைமர் மாட்டினான்.

"காலைல நீலம், மதியம் வெள்ளை, எட்டு மணிக்கு இருட்டு. மீனும் தூங்கணுமில்லக்கா?"

எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது. அவள் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் மறுபடி எரிந்தது. தம்பி டைமரை மாற்றினான், வயரை மாற்றினான். கடைசியில் பிளக்கையே பிடுங்கினான். விளக்கு எரிந்தது. தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவளுக்குப் பயம் வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. தொட்டிக்கு முன்னால் போய் நின்று கத்தினாள்.

"இருந்தப்பவும் ஒரு நாள் அணைச்சதில்ல. செத்தும் என் உயிரை வாங்குறீங்களா? இன்னைக்காவது வந்து அணைச்சுத் தொலைங்க!"

தீனி நேரத்தைப் போல மீன்களெல்லாம் கண்ணாடியோரம் கூடி, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தன.

விளக்கு அணையவில்லை. முழங்கைவரை சொட்டச் சொட்ட நனைந்த இரண்டு கைகள் பின்னாலிருந்து அவளை அணைத்தன.