கடைசிச் சொட்டு விளக்கெண்ணெய்

தையல்காரி பிலோமியின் கத்தரிக்கோலுக்கு வாய் சும்மா இருக்காது. திருகாணி லேசாகக் காய்ந்தாலும் கிரீச்சென்று ஊரைக் கூட்டிவிடும். தன் விரல் வீக்கத்துக்குத் தேய்க்க விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறக்கிறவள், அந்தச் சத்தம் கேட்டதும் எண்ணெயை அதற்கே விட்டுவிடுவாள்.

"இருக்கிறதே ஒரு சொட்டு. இன்னிக்காவது வாயை மூடு, அவ விரலுக்குப் போகட்டும்," என்றது புட்டி.

"நான் ஓடலைன்னா அவ பொழப்பு ஓடுமா?" என்று கத்தரி மறுபடி கிரீச்சிட்டது. அந்தச் சொட்டும் அதற்கே போனது.

மறுநாள் காலை பிலோமி துணியை விரித்து, கத்தரியை எடுத்தாள். வளையத்துக்குள் விரல் நுழையவில்லை. திருப்பிப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கீழே வைத்துவிட்டாள்.

கத்தரி அலறப் பார்த்தது. சத்தமே வரவில்லை. அவ்வளவு நன்றாக எண்ணெய் விட்டிருந்தாள்.