உப்புத் தண்ணி

"உப்புத் தண்ணி ஊத்தின அவரை இப்படித் தளதளன்னு வளருமா?"

எவாஞ்சலின் டீச்சர் பிளாஸ்டிக் டம்ளரைத் தூக்கி வகுப்பு முழுக்கக் காட்டினாள். அவளுக்குக் காலையிலிருந்தே எரிச்சல். கண்காட்சிக்காக மூன்று டம்ளரில் மூன்று விதமாக ஊற்றி அவரை வளர்த்து வரச் சொல்லியும், பாதிப் பேர் செடியே கொண்டு வரவில்லை. கொண்டு வந்த ஷாலினியோ இப்படி.

'உப்புத் தண்ணி' என்று ஒட்டிய டம்ளரில் செடி நாலு இலை விட்டு நின்றது. 'பால்' டம்ளர் நாறிப்போயிருந்தது. 'நல்ல தண்ணி' டம்ளரில் போட்ட விதை போட்டபடியே கிடந்தது.

"வீட்டுல கவனிக்கவே இல்ல. காலைல அவசரத்துல லேபிளை மாத்தி ஒட்டினு வந்துட்டே. அப்படித்தானே?"

"இல்ல மிஸ். சரியாத்தான் ஒட்டினேன்."

"பொய் வேற. அப்படி என்ன பெருசா கேட்டுட்டேன்? எல்லார் வீட்டுலயும் இருக்கிறதுதானே? நாளைக்குக் கண்காட்சியில நீ கிடையாது. போய் உங்கம்மாவைக் கூட்டினு வா."

கண்காட்சியில் பேச வேண்டியதை ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தாள் ஷாலினி. அழுதுகொண்டே போனாள்.

அம்மா கெங்கம்மாள் நாற்று நட்ட கையோடு வந்தாள். வரும்போதே கோபம்.

"எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு மிஸ்? தினம் போர்ல உப்புத் தண்ணி புடிச்சு ஊத்திகினுதானே இருந்துச்சு. நானே பார்த்தேன்."

"போர்லயா?"

"ஆங். எங்க தெரு போர்ல வர்றது உப்புத் தண்ணிதானே. குளிக்க, தொவைக்க, மாட்டுக்கு வைக்க எல்லாம் அதுதான். கீரையே அதுல வளருது. அவரை வளராதா?"

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் சொன்னது உப்பைக் கரைச்ச தண்ணிங்க."

"அதை அப்படிச் சொல்லணும் மிஸ். எங்களுக்கு உப்புத் தண்ணின்னா இதுதான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சருக்கு முகம் சிவந்தது. அத்தனை சுலபமாக விட மனம் வரவில்லை.

"சரிங்க. நல்ல தண்ணி ஊத்தினது ஏன் முளைக்கல? அதுக்கு என்ன சொல்றீங்க?"

கெங்கம்மாள் முகம் மாறியது. சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, நல்ல தண்ணியவா செடிக்கு ஊத்தின? பால் கேட்டே, கறந்து குடுத்தேன். தண்ணி லாரி பின்னாடி நான் குடத்தைத் தூக்கினு ஓடறது உனக்குத் தெரியாதா? கிருத்திகை வந்தா அந்த லாரியும் மலைக்கோயில் கூட்டத்துக்குப் போயிடுது. குடிக்கவே பத்தாத தண்ணிய மண்ணுல கொட்டுவியா?"

கை ஓங்கிவிட்டாள். டீச்சர் குறுக்கே வந்து தடுத்தாள்.

டீச்சரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஷாலினி சொன்னாள்.

"ஒரு சொட்டுகூட ஊத்தலம்மா. அதனாலதான் அது முளைக்கல."